பல் செட்டும் ஓக்காளமும்: அந்தத் தகடு ஏன் தொண்டை வரைக்கும் போகுது?

1/
கொல்லிமலைக்கு பஸ்ஸில் வந்திருக்கீங்களா? காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுவதற்குள் யாராவது ஒருத்தர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுவார். எலுமிச்சம்பழம் கைமாறும். யாரும் யாரையும் கேலி செய்ய மாட்டார்கள். மலைப் பாதைன்னா அப்படித்தான்.

ஆனால் அதே ஓக்காளம் பல் செட்டு போடும்போது வந்தால் மட்டும், "என்ன பாட்டி, சின்னப் புள்ளை மாதிரி அடம் பிடிக்கிறீங்க" என்கிறோம். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்துகொண்டேன். இந்த த்ரெட் அந்தத் தப்பைப் பற்றியது. அதோடு, பல் செட்டுக்கு இந்த வடிவம் எப்படி வந்தது என்ற வரலாற்றைப் பற்றியது.

2/
முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எம்.பி.பி.எஸ். படித்த அரசு மருத்துவமனை டாக்டர். பல் மருத்துவர் இல்லை. பல் விஷயத்தில் கடைசி வார்த்தை பல் டாக்டருடையதுதான். ஆனால் மலையில் பல் வலி, பல் ஆட்டம், பல் செட்டு எல்லாமே முதலில் எங்க ஓ.பி. டேபிளுக்குத்தான் வரும்.

3/
கொல்லிமலையில் 14 நாடு. அதில் ஒன்று ஆலத்தூர் நாடு. அங்கிருந்து மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வரும் ஒரு பாட்டி. வயது 70-ஐ ஒட்டி இருக்கும். மேலே ஒரு பல்கூட இல்லை. கீழே முன்பக்கம் மட்டும் நாலு பல். ஒரு முகாமில் மேலுக்கு முழு செட்டும், கீழே விழுந்த பற்களுக்கு ஒரு சின்ன செட்டும் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"தம்பி, அதை வாயில வெச்சாலே ஓக்காளம் வருது. கொடலே வெளிய வந்துரும் போல இருக்கு" என்றார்.

அன்று ஓ.பி.யில் நல்ல கூட்டம். "பழகப் பழகச் சரியாயிடும் பாட்டி" என்று சொல்லி, மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து செகண்டுதான் செலவழித்தேன்.

4/
எட்டு மாதம் கழித்து எடை பார்த்தால் 5 கிலோ குறைந்திருக்கிறது. காரணம் தெரியாமல் எடை குறைந்தால் டாக்டர் மனசு எங்கே போகும்? சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, சுகர், தைராய்டு. எல்லாம் நார்மல். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கடைசியாகத்தான் கேட்டேன். "என்ன சாப்பிடறீங்க பாட்டி?"

கஞ்சித் தண்ணி. மூணு வேளையும்.

உறவுக்காரர் கல்யாணத்துக்கு செட்டை மாட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது வாய்க்கே ஓங்கரித்து, இலையிலேயே கக்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பந்திக்கும் போவதில்லை. வீட்டிலும் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அடுப்படியில் தனியாக ஒரு டம்ளர் கஞ்சி. பல் போனதை விட அந்த வெட்கம்தான் அவரை இளைக்க வைத்திருக்கிறது.

5/
அதோடு இன்னொன்றும் கேட்டார். "இந்தக் கீழ் நாலு பல்லையும் புடுங்கிட்டா முழு செட்டாப் போட்டுக்கலாமாம். அப்ப ஓக்காளம் வராதாம். எழுதிக் குடு கண்ணு."

யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் ரெஃபரல் சீட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று பல் மருத்துவ நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் கத்தியே விட்டார்: "அந்த நாலு பல்லை யாரையும் தொட விடாதே!"

ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஓக்காளம் எங்கிருந்து வருகிறது? பல் செட்டு எப்படி நிற்கிறது?

6/
ஓக்காளம் என்பது அடம் இல்லை, அனிச்சைச் செயல். கண்ணருகே கை வந்தால் இமை மூடுவது போல.

அடிநாக்கு, உள்நாக்கு, அண்ணத்தின் பின்பகுதி, தொண்டையின் பின்சுவர், பக்கவாட்டு மடிப்புகள். இந்த இடங்களை ஏதாவது தொட்டால், முக்கியமாக ஒன்பதாவது மூளை நரம்பு வழியாகச் செய்தி முகுளத்துக்குப் போகும். அங்கிருந்து பத்தாவது நரம்பான வேகஸ் உள்ளிட்டவை வழியாக "வெளியே தள்ளு" என்ற உத்தரவு திரும்பி வரும். முகுளத்தில் எச்சில் சுரப்புக்கும் வாந்திக்குமான மையங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகள். அதனால்தான் ஓங்கரிக்கும்போது வாய் நிறைய எச்சில் ஊறுகிறது, வியர்க்கிறது.

மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போய்விடாமல் காக்கும் காவல்காரர் இது. சிலருக்கு இந்தக் காவல்காரர் அரைத் தூக்கத்தில் இருப்பார். சிலருக்கு டூத் பிரஷ்ஷைப் பார்த்தாலே விசில் அடிப்பார். பிறவி அமைப்பு, பழைய பயம், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், புகை என்று காரணங்கள் பல.

(பஸ் வாந்தி வேறு. அது உள்காதின் சமநிலை உறுப்பும் கண்ணும் மூளைக்கு வெவ்வேறு செய்தி அனுப்புவதால் வருவது. பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்குப் பல் செட்டு சேராது என்று நினைக்க வேண்டாம்.)

7/
இனி வரலாறு. பல் செட்டு வருவதற்கு முன் பொக்கை வாய்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

நம்ம ஊரில் விடை திண்ணையிலேயே இருந்தது: வெற்றிலை இடிக்கும் சின்ன உரல். பாட்டி கால் நீட்டி உட்கார்ந்து 'டொக் டொக்' என்று வெற்றிலை பாக்கை இடிப்பதைப் பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பல் செய்ய வேண்டிய வேலையை உரல் வாயிலிருந்து கைக்கு மாற்றிக் கொடுத்தது. கேழ்வரகுக் களியும் அப்படித்தான். மெல்லவே வேண்டாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்கலாம். சாமையும் கேழ்வரகும் விளையும் இந்த மலையில் பல் போனதால் யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அதாவது நம்ம பக்கத் தீர்வு உணவை மாற்றியது. மேற்கில் வாய்க்குள் பல்லை வைக்கப் பார்த்தார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

8/
கி.மு. 7-ம் நூற்றாண்டு வாக்கிலேயே இத்தாலியின் எட்ரஸ்கன் மக்கள் தங்கப் பட்டையால் பக்கத்துப் பல்லோடு சேர்த்து மாற்றுப் பல் கட்டினார்கள். பக்கத்தில் பல் இருக்கும் வரை இது சரி. எல்லாப் பல்லும் போய்விட்டால் எதில் கட்டுவது? கீழ் செட்டாவது நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஈறு மேல் உட்காரும். மேல் செட்டு? பூமி கீழே இழுக்குமே!

நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பிரான்சின் பியர் ஃபோஷார், 1728-ல் வெளியிட்ட தன் நூலில் இதற்கு ஒரு வழி சொல்கிறார்: ஸ்பிரிங். மேல் செட்டையும் கீழ் செட்டையும் ஸ்பிரிங்கால் இணைத்துவிடுவது. ஸ்பிரிங் மேல் செட்டைத் தூக்கிப் பிடிக்கும்.

9/
அந்த ஸ்பிரிங் செட்டோடு வாழ்ந்த பிரபலம், அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன். 1789-ல் பதவி ஏற்றபோது அவர் வாயில் மிச்சமிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. நீர்யானைத் தந்தத்தில் செதுக்கி, மனிதப் பற்களைப் பதித்த செட்டு. மரப்பல் என்பது வெறும் கதை. வாயைத் திறந்தால் ஸ்பிரிங் செட்டை வெளியே தள்ளப் பார்க்கும். அதனால் எப்போதும் தாடையை இறுக்கியே வைத்திருக்க வேண்டும்.

இதில் ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. கறுப்பின அடிமைகளிடமிருந்து 9 பற்கள் வாங்கியதற்குப் பணம் கொடுத்த பதிவு 1784-ம் ஆண்டின் அவரது கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒருவர் வாய்க்குப் பல் வர, இன்னொருவர் வாயிலிருந்து பல் போக வேண்டியிருந்தது. 1815 வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பற்களையும் பிடுங்கி விற்றார்கள். அவற்றுக்குப் பெயரே 'வாட்டர்லூ பற்கள்'.

10/
இப்போது திருப்பம். 1800 வாக்கில் பிலடெல்பியாவில் ஜேம்ஸ் கார்டெட் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர். ஒரு பெண்மணிக்கு மேல் செட்டு செய்து, "இதை வைத்துப் பழகிக்கொண்டிருங்கள், பிறகு வந்து ஸ்பிரிங் மாட்டுகிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார். மாதக் கணக்கில் வரவில்லை. கடைசியில் ஸ்பிரிங்கோடு வந்தால், அந்த அம்மா "ஸ்பிரிங் எதற்கு? அது பாட்டுக்கு நிற்கிறதே" என்றாராம். பல் மருத்துவ வரலாற்று நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை இது.

ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பிரித்துப் பாருங்கள். லேசில் வராது. அதே சங்கதிதான். அண்ணத்தோடு துல்லியமாகப் பொருந்தும் தகடு, நடுவில் மெல்லிய எச்சில் படலம், காற்று நுழைய முடியாத ஓரம். செட்டு தானாகவே ஒட்டிக்கொள்ளும்.

11/
ஐரோப்பியர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்த இதை ஜப்பானியச் சிற்பிகள் 250 வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1538-ல் இறந்த நாகாஓகா தேய் என்ற புத்த பிக்குணியின் மேல் செட்டு இன்றும் இருக்கிறது. ஒரே மரத்துண்டில் செதுக்கியது. அண்ணம் முழுக்க மூடும் வடிவம். ஸ்பிரிங் கிடையாது, ஒட்டித்தான் நின்றது. புத்தர் சிலை செதுக்கிய கைகளுக்கு வாய்க்குள் பொருந்துகிற மாதிரி செதுக்குவது பெரிய வேலையாக இருந்திருக்காது!

12/
இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். மொத்த த்ரெட்டின் சாரம் இதுதான்.

ஒட்டி நிற்க வேண்டுமென்றால் தகடு அண்ணம் முழுவதையும் மூட வேண்டும். பின் ஓரம் மெத்தென்ற சதையில் லேசாக அழுந்தினால்தான் காற்று போகாது. கண்ணாடி முன் நின்று "ஆ" சொல்லிப் பாருங்கள். அண்ணத்தின் பின்பகுதி மேலே எழும்பும். அசையாத அண்ணமும் அசையும் அண்ணமும் சந்திக்கும் அந்தக் கோட்டில்தான் தகடு முடிய வேண்டும்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது? ஓக்காளக் காவல்காரரின் வாசற்படியில்.

அதாவது ஸ்பிரிங்கை ஒழித்ததற்கு நாம் கொடுத்த விலை, தகட்டைத் தொண்டை வாசல் வரை கொண்டுபோனது. உங்களுக்கு ஓக்காளம் வருவது உங்கள் பலவீனம் இல்லை. எல்லோர் வாயிலும் செய்துகொள்ளப்பட்ட ஒரு சமரசம், உங்கள் வாயில் கொஞ்சம் அதிகமாக உறுத்துகிறது. அவ்வளவுதான்.

13/
இந்தச் சமரசம் ஏழைகள் வாய் வரை எப்படி வந்தது? இரண்டு கண்டுபிடிப்புகளால்.

ஒன்று மயக்க மருந்து. 1844-ல் ஹொரேஸ் வெல்ஸ் சிரிப்பு வாயுவை வைத்தும், 1846-ல் வில்லியம் மார்ட்டன் ஈதரை வைத்தும் வலியில்லாமல் பல் பிடுங்கினார்கள். இருவருமே பல் மருத்துவர்கள்! வலி போனதும் ஜனங்கள் கொத்துக்கொத்தாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். செட்டுக்குக் கிராக்கி ஏறியது.

இரண்டு ரப்பர். சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கும் முறைக்கு 1844-ல் காப்புரிமை வாங்கினார். அவர் தம்பி நெல்சன் 1851-ல் அதைக் கெட்டி ரப்பராக்கினார். தங்கத்துக்கும் தந்தத்துக்கும் பதில் மலிவான ரப்பர். வாயின் அச்சில் அப்படியே வார்க்கலாம், கச்சிதமாக ஒட்டும்.

இதற்கு ராயல்டி கேட்டு ஊர் ஊராகப் பல் மருத்துவர்கள் மேல் வழக்குப் போட்ட கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனை, 1879-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். 1937 வாக்கில் அக்ரிலிக் வந்தது. இன்று நம் பாட்டிகள் டப்பாவில் போட்டு வைத்திருப்பது அதுதான்.

14/
நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் 1920-ல் தொடங்கினார். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த சீனக் குடும்பங்களும் கடந்த நூற்றாண்டில் சென்னையில் பல் கட்டும் தொழில் செய்தன. பரம்பரைக் கைத்தொழில். 'சைனாக்காரர் பல் ஆஸ்பத்திரி' என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்து, படித்தவர்களையும் பட்டம் இல்லாமல் தொழில் செய்துவந்தவர்களையும் தனித்தனிப் பிரிவாகப் பதிவு செய்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953-ல் பல் மருத்துவப் பிரிவு தொடங்கி, பின்னாளில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது.

நல்ல வளர்ச்சிதான். ஆனால் மலையில் உட்கார்ந்து ஒரு கணக்கு போடுங்கள். முறைப்படி முழு செட்டு கட்ட ஏறக்குறைய 5 தடவை போக வேண்டும்: முதல் அளவு, துல்லிய அளவு, கடி அளவு, மெழுகில் போட்டுப் பார்ப்பது, கடைசியில் மாட்டுவது. கீழே நாமக்கல் பக்கம் போய் வந்தால் ஒரு தடவைக்கு 140 வளைவு. 5 தடவைக்கு 700 வளைவு! செட்டு உறுத்துகிறது, ராவ வேண்டும் என்றால் இன்னும் 140. அதனால்தான் மலையில் செட்டு டப்பாவுக்குப் போய்விடுகிறது.

15/
அளவு எடுக்கும்போதே ஓக்காளம் ஆரம்பித்துவிடும். 19-ம் நூற்றாண்டில் பிளாஸ்டரைக் குழைத்து வாயில் வைத்து, கெட்டியாகும் வரை காத்திருந்தார்கள். பாவம் அந்த ஜனங்கள்! 1940-களில் ஆல்ஜினேட் வந்தது. சில நிமிடத்தில் இறுகிவிடும் ஜெல். இது எதிலிருந்து வருகிறது தெரியுமா? கடல்பாசியிலிருந்து. நம்ம ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசி வகைகளில் ஆல்ஜினேட் தருபவையும் உண்டு.

அளவு எடுக்கும்போது நீங்கள் செய்யக்கூடியவை: நிமிர்ந்து உட்காருங்கள், தலை லேசாக முன்னால் சாயட்டும். மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள். எச்சிலை விழுங்காமல் வெளியே வழிய விடுங்கள். ஒரு காலைத் தூக்கிப் பிடித்து, வலிக்கும் வரை அதிலேயே கவனத்தை வையுங்கள். சிரிக்காதீங்க, பல் மருத்துவ நூல்களிலேயே இருக்கும் உத்தி இது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். "எனக்கு ஓக்காளம் அதிகம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

16/
இனி நம்ம பாட்டி கதைக்கு வருவோம். நண்பர் செட்டைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். பின் ஓரம் ராவப்பட்டிருந்தது. தொண்டையில் இடிக்கிறதே என்று வீட்டில் யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்.

கேட்கச் சரியாகத்தான் இருக்கும். தொண்டையில் தொடுகிறது, வெட்டிவிட்டால் தொடாது. ஆனால் நடப்பது தலைகீழ். பின் ஓரத்தை வெட்டினால் காற்று நுழையும், பிடிப்பு போகும். செட்டு நழுவி நழுவி அடிநாக்கில் விழும். இறகால் தொண்டையை வருடுவது போல அது உரசிக்கொண்டே இருக்கும். அழுத்தமான தொடுதலை உடம்பு பழகிக்கொள்ளும். லேசான வருடலைப் பழகாது.

ஓக்காளம் → ராவு → லூஸ் → இன்னும் ஓக்காளம் → இன்னும் ராவு. இந்தச் சுழலில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வீட்டில் அரம், கத்தி, உப்புத்தாள் எதையும் செட்டின் மேல் வைக்காதீர்கள்.

17/
"பழகிடும்" என்று நான் சொன்னது எவ்வளவு அரைகுறை என்பது, இதைப் பற்றிப் பல் மருத்துவர்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

1963-ல் குரோல் என்பவர், செட்டின் உயரம் அதிகமாகி, ஓய்வில்கூட மேல் பல்லும் கீழ் பல்லும் முட்டிக்கொண்டே இருந்தால் ஓக்காளம் வரும் என்று காட்டினார். உயரத்தைச் சரிசெய்யும் வரை எத்தனை வருஷம் பழகியும் பிரயோஜனம் இல்லை. ஆக, "பழகுங்கள்" என்பதற்கு முன் "செட்டு சரியா?" என்று பார்க்க வேண்டும்.

1973-ல் சிங்கர் என்பவர், கைவிடப்பட்ட கேஸ்களுக்குக் கோலிக்குண்டு கொடுத்தார்! வாயில் ஒரு குண்டு, பிறகு இரண்டு, படிப்படியாக ஐந்து. நோயாளியே வைத்துக்கொள்ள வேண்டும், அவசரம் கிடையாது. வாயில் எதையாவது வைத்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது என்று மூளைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் தத்துவம். (இதை வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். வயதானவர்களுக்குப் புரையேறி மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து உண்டு.) இப்போது கோலிக்குப் பதிலாக, பல் இல்லாத வெறும் தகடு ஒன்றைப் பழகுவதற்காகச் செய்து கொடுக்கிறார்கள்.

18/
செட்டு சரியாக இருக்கிறது என்று பல் டாக்டர் சொன்ன பிறகு, வீட்டில் பழகும் முறை. பாட்டிக்குக் கொடுத்த அதே அட்டவணை:

முதல் வாரம்: செட்டு வேண்டாம். மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் மேலண்ணத்தின் முன்பகுதியை மட்டும் தினமும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஓக்காளம் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். தினம் ஒரு நூல் அளவு பின்னால் போனால் போதும். காலையில் நாக்கு வழிக்கும்போது ஊரையே எழுப்பும் தாத்தாக்களைப் போல அவசரப்படக் கூடாது!

இரண்டாவது வாரம்: மேல் செட்டு மட்டும், 5 நிமிடம். காலையில் வேண்டாம், அப்போது ஓக்காளம் அதிகம். சாயங்காலம், காலி வயிறாகவும் இல்லாமல் நிறைந்த வயிறாகவும் இல்லாமல். மாட்டியதும் சும்மா இருக்கக் கூடாது. யாரோடாவது பேசணும், சத்தமாக எண்ணணும். தினம் 5 நிமிடம் கூட்டலாம்.

மூன்றாவது வாரம்: செட்டோடு மிருதுவான உணவு. தனியாக, சின்னச் சின்ன வாயாக, இரண்டு பக்கமும் மென்று.

ஓக்காளம் வரும்போல இருந்தால் மூக்கால் மெதுவாக மூச்சு. நாக்கு நுனியில் ஒரு கல் உப்பு வைத்துப் பார்க்கலாம், சிலருக்குக் கேட்கும். (பிரஷர் இருப்பவர்கள் துப்பிவிடுங்கள்.) அப்படியும் வந்தால் கழற்றிவிடுங்கள், தோல்வி இல்லை. நாளைக்கு மறுபடியும்.

ராத்திரி கழற்றி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். பேஸ்ட் கீறும், சோப்பே போதும். சின்ன செட்டோடு தூங்கவே தூங்காதீர்கள். விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து, வெறும் அக்ரிலிக் எக்ஸ்ரேயிலும் சரியாகத் தெரியாது.

19/
இப்போது அந்த நாலு பல்.

செட்டுக்குப் பிடிப்பு இரண்டு வழியில்தான் வரும். ஒன்று ஒட்டுதல், அதற்கு அகலமான தகடு வேண்டும். இன்னொன்று கொக்கி மாதிரி பிடித்துக்கொள்ள வாயில் ஏதாவது இருப்பது. நாலு பல் இருக்கிற கீழ்த்தாடையில் செட்டு அந்தப் பல்லைப் பிடித்துக்கொள்ளும், தகடு சின்னதாகவே இருக்கலாம். பல் உடைந்து வேர் மட்டும் இருந்தாலும், வேர் சிகிச்சை செய்து அதன் மேல் செட்டை உட்கார வைக்க முடியும். மேல்தாடையில் இப்படி உறுதியான வேர்கள் இருந்தால் அண்ணத்தைத் திறந்துவிட்டுக் குதிரை லாட வடிவில்கூடச் செய்யலாம். ஓக்காளக்காரர்களுக்கு அது வரம்.

ஆகவே, ஓக்காளம் உள்ளவர்கள் மிச்சப் பல்லைத்தான் மற்றவர்களை விட அதிகமாகக் காப்பாற்ற வேண்டும். பிடுங்குவது அஞ்சு நிமிஷம். ஆனால் எலும்பு கரையும், பிடிப்பு போகும், திரும்பி வராது. நான் அன்று சீட்டை எழுதியிருந்தால் அதற்கு மருந்தே கிடையாது.

20/
பல்லே இல்லை என்றால்? ஸ்வீடனின் பிரோனமார்க், 1952-ல் முயல் எலும்பில் வைத்த டைட்டானியம் எலும்போடு ஒன்றாகிவிடுவதைக் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அதுதான் இம்ப்ளான்ட். முற்றிலும் பல் இல்லாத கீழ்த்தாடைக்குக் குறைந்தது இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன் மேல் செட்டு போடுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். மேல்தாடைக்குப் பொதுவாக நாலு வைத்தால் அண்ணத்தை மூடாத செட்டு சாத்தியம்.

காசு இருப்பவர்களுக்கு ஓக்காளப் பிரச்சினை இன்று பெரும்பாலும் தீர்ந்த கதை. தகடு தொண்டை வரை போவது இல்லாதவர்களுக்கு மட்டும்தான். கர்நாடகத்தில் 'தந்த பாக்யா', கேரளத்தில் 'மந்தஹாசம்' என்று ஏழை முதியோருக்கு இலவசப் பல் செட்டுத் திட்டங்களே உண்டு. நல்லது. ஆனால் செட்டைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. மாட்டிய பிறகு மூன்று மாதம் கூடவே இருந்து சரிசெய்ய ஒரு ஆள் வேண்டும். மலையில் அந்த ஆள்தான் இல்லை.

21/
எல்லாம் செய்தும் செட்டு சேரவில்லையா? பரவாயில்லை. காந்திக்கும் பல் போய்விட்டது. செட்டைச் சாப்பிடும்போது மட்டும் மாட்டுவார், முடிந்ததும் கழற்றிவிடுவார். அந்தப் பொக்கைச் சிரிப்பைத்தான் உலகமே கொண்டாடியது.

செட்டே போடாமலும் நன்றாகச் சாப்பிடலாம். களி, குழைந்த சாமைச் சோறு, மசித்த பருப்பு, கடைந்த கீரை, முட்டை, நிலக்கடலைப் பொடி, தயிர், நன்றாகப் பழுத்த மலை வாழைப்பழம். வெறும் கஞ்சித் தண்ணியில் மட்டும் நிற்காதீர்கள், அதில் புரதம் மிகக் குறைவு. உரலின் இடத்தில் இன்று மிக்ஸி இருக்கிறது.

ஆனால் பாக்கை உரலில் இடித்துப் போட்டாலும் பாக்குப் பாக்குதான். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் சேர்த்துவிட்டது. வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தாலோ, ஆறாத புண் இரண்டு வாரம் தாண்டினாலோ, புதிதாக விழுங்கச் சிரமம் வந்தாலோ, எடை குறைந்தாலோ, "செட்டு சேரலை" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

22/
பாட்டிக்கு என்ன ஆச்சு?

ராவிய பின் ஓரத்தில் அக்ரிலிக் சேர்த்து, உள்பக்கத்தை மறுபடி அளவெடுத்து இறுக்கமாக்கிக் கொடுத்தார் நண்பர். தகடு முன்னை விடக் கொஞ்சம் பெரிதானது, ஓக்காளம் குறைந்தது! மூன்று வாரம் என்று போட்ட அட்டவணை ஏழு வாரம் ஆனது. பிரஷ்ஷோடு முதல் வாரத்திலேயே இரண்டு தடவை "எனக்கு வேண்டாம் தம்பி" என்று சண்டை.

இன்றும் கீழ் செட்டு டப்பாவில்தான். மேல் செட்டு சாப்பாட்டுக்கு மட்டும். அந்த நாலு பல்லும் அப்படியே இருக்கிறது. குறைந்த 5 கிலோவில் 3 கிலோ திரும்பி வந்திருக்கிறது. போன தடவை வந்தபோது மாத்திரையைக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார். ஏன் என்றேன். "பேத்தி ஊர்ல காது குத்து. நாலு நாள் தங்கணும்" என்றார். பந்தியில் உட்காருவீங்களா என்று நான் கேட்கவில்லை. செட்டு டப்பா பையில் இருந்தது.

23/
உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டப்பா இருக்கலாம். இன்று ராத்திரி பாட்டியிடமோ தாத்தாவிடமோ "ஏன் போடறதில்ல?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பத்து செகண்டுக்கு மேல் உட்கார்ந்து பதிலைக் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க. பல் சம்பந்தமான கேள்விகளை நண்பரிடம் கேட்டுத்தான் பதில் போடுவேன்!